லேமினேட் வால்நட் ஸ்டாக் (ரைஃபிளைப் பிடிக்கும் மரக் கட்டை): கோவைப் பக்கம் சின்னப் பட்டறையில் செய்யக் கொடுத்தால் என்னென்ன எழுதிக் கொடுக்கணும்?

பவானிக்கரை
வணக்கமுங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 4.5 மி.மீ., அழுத்தக் காற்று சிலிண்டர் வகை. ஆக்‌ஷன் (குண்டு போட்டுச் சுடும் உலோகப் பகுதி) வலது கைக்கானது, சுடுவது இடது கை. கூட வந்த பீச் மரக் கட்டையில் பிடியின் புடைப்பும் கன்னக்கட்டையும் எதிர்ப்பக்கம் இருக்குது. வால்நட்டை அடுக்கடுக்காக ஒட்டி இடது கைக்குப் புதுக் கட்டை செய்யணும். வெளிநாட்டில் ஆர்டர் போடுகிற எண்ணம் இல்லீங்க. கோவை, ஈரோடு, திருப்பூர் சுற்று வட்டாரத்திலேயே முடிக்கணும்.

எந்த மாதிரிப் பட்டறைக்குப் போகணும், மரம் எப்படிப் பார்த்து வாங்கணும், எந்தப் பசை, வரைபடத்தில் எதை எழுதணும்? செஞ்சவங்களும் செய்யறவங்களும் சொல்லுங்க.

ஆவாரம்பாளையம்_பேட்டர்ன்
ஃபர்னிச்சர் கடைக்குப் போகாதீங்க. ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் (மணலில் வார்ப்பு அச்சு எடுக்கிற மர மாதிரி) செய்யற கடைக்குப் போங்க. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கமெல்லாம் பம்பு, மோட்டார் வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் செஞ்ச கை இன்னும் இருக்குது. பலகையைத் துண்டு துண்டாக அடுக்கி ஒட்டி, கால் மில்லிமீட்டருக்குள்ளே வடிவம் எடுக்கிறது அவங்க அன்றாட வேலை. கட்டில், கதவு செய்யற ஆசாரி கைத்திறனில் குறைஞ்சவர் இல்லை. ஆனா வெர்னியர் வெச்சு மரம் அறுக்கிற பழக்கம் அங்கே கிடையாது.

பேட்டர்ன்காரரிடம் கொடுக்கும்போது ரெண்டு விஷயத்தை வாயால சொன்னால் போதாது, வரைபடத்திலேயே எழுதிடுங்க.

முதலாவது, அளவுகோல். வார்ப்பு ஆறும்போது சுருங்கும் என்கிறதுக்காக அவங்க கான்ட்ராக்‌ஷன் ஸ்கேலில்தான் குறிப்பாங்க. வார்ப்பிரும்புக்கு அது ஏறக்குறைய 1 சதவீதம் பெரிசு. உங்க ஆக்‌ஷன் ஸ்க்ரூ ரெண்டுக்கும் நடுவே 150 மி.மீ. இருந்தால் அந்த ஸ்கேலில் 151.5 ஆகிப்போகும், ஸ்க்ரூ உள்ளேயே இறங்காது. "சாதா ஸ்கேல், சுருக்கம் சேர்க்க வேண்டாம்" என்று எழுதுங்க.

ரெண்டாவது, டிராஃப்ட். பேட்டர்ன் மணலில் இருந்து கழன்று வரணும் என்கிறதுக்காக நேர்ச் சுவரையெல்லாம் ஒரு டிகிரி சாய்ச்சு விடுவாங்க. கேட்டுக்கூட செய்ய மாட்டாங்க, கை தானாகச் செய்யும். ஆக்‌ஷன் உட்காரும் குழி 40 மி.மீ. ஆழம் என்றால் ஒரு டிகிரிக்கு ஒரு பக்கம் 0.7 மி.மீ., ரெண்டு பக்கமும் சேர்த்து 1.4 மி.மீ. வாய் அகண்டு போகும். அந்தக் குழியில் ஆக்‌ஷன் ஆடும். "குழிச் சுவர் செங்குத்து, டிராஃப்ட் இல்லை" என்று சிவப்பில் போடுங்க.

மரவாசி
மரத்தைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். பட்டறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மரம் தவறினால் பயனில்லை.

உண்மையான வால்நட் நமக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று காஷ்மீரில் விளையும் அக்ரூட் மரம். மற்றது இறக்குமதியாகும் அமெரிக்கக் கறுப்பு வால்நட். காய்ந்த நிலையில் இரண்டுமே கன மீட்டருக்கு 600 முதல் 650 கிலோ வரை எடை. டிப்போவில் பொதுவாக "இந்தியன் வால்நட்" என்று கேட்டால் வாகையை எடுத்துக் காட்டுவார்கள். வணிகத்தில் வாகைக்கும் அந்தப் பெயர் நெடுநாளாக உண்டு, ஆகவே அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஸ்டாக்குக்கு வாகை சிரமம். அதன் நார் பின்னிப் பின்னி ஓடும், இழைப்புளியை எந்தத் திசையில் தள்ளினாலும் ஓரிடத்தில் பிய்க்கும். தூள் மூக்கில் ஏறினால் விடாத தும்மல்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, குறுக்கு வெட்டை பிளேடால் சுத்தமாகச் சீவி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வாகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம் தெரியும். வால்நட்டில் அந்த வளையம் இருக்காது, ஆண்டு வளையத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் துளைகள் படிப்படியாகச் சிறுத்துப் போகும். மர மாதிரிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்க கோவையிலேயே காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய் வரலாம்.

ஓரத்தில் இருக்கும் வெளிறு பகுதியை முழுக்க ஒதுக்கச் சொல்லுங்கள். அழகுக்காக அதை விட்டால் உளுவண்டு அதில்தான் முதலில் இறங்கும். தேக்கு வேண்டாம், அதன் எண்ணெய்ப் பசை ஒட்டைக் கெடுக்கும். தோதகத்தி (ரோஸ்வுட்) பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எடை கூடும். அதற்கெனத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள், ரசீது இல்லாத துண்டைத் தொடாதீர்கள்.

பவானிக்கரை
எத்தனை கன அடி வாங்கணுங்க? வெளிர் நிற அடுக்குக்கு என்ன போடறது?

மரவாசி
கணக்கு இப்படி. ஒட்டி முடித்த கட்டை 800 நீளம், 180 உயரம், 58 கனம் (எல்லாம் மி.மீ.) வேண்டும். 7 மி.மீ. வால்நட் ஏழு அடுக்கு 49, நடுவில் 1.5 மி.மீ. வெளிர் அடுக்கு ஆறு சேர்ந்து 9. மொத்தம் 58. வால்நட் அடுக்கு எப்போதும் ஒற்றைப்படையில் இருக்கட்டும். அப்போதுதான் குழலின் நடுக்கோடு ஓர் அடுக்கின் மையத்தில் விழும், இரு பக்கமும் கோடுகள் ஒத்துப் போகும்.

25 மி.மீ. பலகையைப் பேண்ட்சாவில் இரண்டாகப் பிளந்தால் 9 மி.மீ. வீதம் இரண்டு கிடைக்கும். திக்னஸரில் 7க்குக் கொண்டுவரலாம். ஏழு அடுக்குக்கு 850 × 190 அளவில் நான்கு பலகை. அது சுமார் 0.57 கன அடி. முடிச்சு, வெடிப்பு கழிவுக்குச் சேர்த்து முக்கால் கன அடி வாங்குங்கள்.

வெளிர் அடுக்குக்கு வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் பொருந்தும். அதை 1.5க்கு அறுப்பது கடினம். 3 மி.மீ. போட்டு வால்நட்டை 6 ஆக்கினால் 42ம் 18ம் சேர்ந்து 60 வரும், அதுவும் சரி. மலைவேம்பு நம் பக்கம் எங்கும் கிடைக்கிறது, ஆனால் மென்மையானது. உப்புத்தாள் போடும்போது மலைவேம்பு மட்டும் பள்ளமாகி வால்நட் மேடாக நிற்கும். சாயம் ஏற்றிய வினீர் வாங்கினால் ஒரு துண்டைத் தின்னரில் நனைத்துப் பாருங்கள். நிறம் கசிந்தால் மேற்பூச்சில் பக்கத்து அடுக்குக்கும் பரவும்.

பத்துமீட்டர்
மரம் வாங்குவதற்கு முன்னால் விதியைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் அழகான படங்களில் பாதி கட்டைவிரல் ஓட்டை வைத்தவை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கட்டைவிரல் ஓட்டைக்கு அனுமதி கிடையாது. உள்ளங்கை தாங்கிக்கும் கிடையாது. மொத்த எடை சைட்டுடன் (குறிபார்க்கும் கருவி) 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்கட்டையின் அடிப்புறம் குழல் மையக்கோட்டிலிருந்து 120 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, அகலம் 60 மி.மீ.க்கு மேல் கூடாது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்தின் நடப்புப் பதிப்பில் அளவு அட்டவணை இருக்கிறது. அதை அச்செடுத்து வரைபடத்துடன் இணைத்துக் கொடுங்கள்.

58 அல்லது 60 கனம் முன்கட்டைக்குப் போதும். பிடியின் உள்ளங்கைப் புடைப்புக்குப் போதாது. அந்த இடத்தில் மட்டும் இடது கைக்கு ஏற்ற பக்கத்தில் 12 மி.மீ. வால்நட் துண்டு ஒன்றைக் கூடுதலாக ஒட்டச் சொல்லுங்கள். கன்னக்கட்டை தனியாக, ஏற்றி இறக்கும்படி இருக்கட்டும்.

எடை விஷயத்தில் ஊகம் வேண்டாம். ஆக்‌ஷன், குழல், சிலிண்டர், சைட், பட் பிளேட் (தோளில் படும் தகடு), கன்னக்கட்டை உலோகம் எல்லாவற்றையும் தராசில் வைத்து 5.5லிருந்து கழியுங்கள். மிச்சம்தான் மரத்துக்கு. அதிலும் 200 கிராம் குறைத்தே எழுதுங்கள். எடை கூட்டுவது சுலபம், சமநிலைப் புள்ளியை இடம் மாற்றவும் அந்த 200 கிராம் உதவும்.

வெள்ளகோவில்_தச்சு
ஈரத்தைப் பத்தி யாரும் சொல்லலை பாருங்க. இதுலதாங்க முக்காவாசிக் கட்டை கெட்டுப்போறது.

நம்மூரு பங்குனி, சித்திரையில காத்து வறண்டு கிடக்கும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிச்சு மாறும், ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சு இன்னொருக்கா மாறும். இந்த ஏத்த இறக்கத்துல மரம் அசையாம இருக்காது. வால்நட்டுல ஈரம் 4 சதவீதம் மாறுனா 180 மி.மீ. உசரத்துல ஒரு மி.மீ.க்கு மேல அசையுமுங்க. அடுக்கி ஒட்டறதே அதுக்கோசரந்தான். ஒரு அடுக்கு முறுக்கிக்கப் பாத்தா பக்கத்து அடுக்கு இழுத்துப் புடிக்கும். ஆனா ஒட்டும்போதே ஒரு அடுக்கு 14, இன்னொண்ணு 9ன்னு இருந்தா அந்த இழுப்பே கட்டையை வளைச்சுப்போடும்.

அதனால பலகையைப் பொளந்து 9 மி.மீ. ஆக்குன பொறகு, நடுவுல குச்சி வெச்சு அடுக்கி, பட்டறைக்குள்ளயே நாலு வாரம் வைக்கச் சொல்லுங்க. வெயில்ல வேண்டாம். ஊசி வெச்ச ஈரமானி இருந்தா எல்லா அடுக்கும் 8லிருந்து 11க்குள்ள, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் 1 சதவீதத்துக்குள்ள வரணும். மானி இல்லைன்னா ஒரு துண்டை வாரம் ஒருக்கா சமையல் தராசுல நிறுங்க. ரெண்டு வாரம் தொடர்ந்து எடை அசையலைன்னா காஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறந்தான் 7க்கு இழைக்கணும். இழைச்ச அன்னைக்கோ மறுநாளோ ஒட்டிப்போடணும். நாள் கணக்குல விட்டா திரும்ப வளையும், பசையும் நல்லாப் புடிக்காது.

இன்னொண்ணு. அடுக்கை ஒண்ணுவிட்டு ஒண்ணு தலைகீழாத் திருப்பி வைங்க. நார் ஒண்ணு மேலே ஏறுனா அடுத்தது கீழே இறங்கோணும். பிடிக்கு மேல கழுத்துப் பக்கம் நார் குறுக்கே வெட்டிப் போகாம, கழுத்து நீளத்துக்கே ஓடணும். முறியறது எப்பவும் அங்கதான்.

ஆவாரம்பாளையம்_பேட்டர்ன்
தச்சு அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. பசையை நான் சேர்த்துச் சொல்றேன்.

வெள்ளைப் பசை வேண்டாமுங்க. அது காய்ஞ்ச பிறகும் தொடர்ந்த இழுப்பில் மெல்ல மெல்ல நகரும். வெயிலில் நிறுத்தின காருக்குள்ளே ரைஃபிள் பெட்டி கிடந்தால் இளகவும் செய்யும். ரெண்டு டப்பா எபாக்ஸி, மெதுவாகக் காயற வகை வாங்குங்க. அஞ்சு நிமிஷ வகை இதுக்கு ஆகாது. கலவை விகிதம் எடையிலா கன அளவிலா என்று டப்பாவில் பார்க்கணும், ரெண்டும் ஒரே எண் இல்லை.

பதிமூணு அடுக்கு என்றால் பன்னெண்டு ஒட்டு முகம். ஒரு முகம் 0.144 சதுர மீட்டர், மொத்தம் 1.73. சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம் 350 கிராம், சிந்தறதுக்குச் சேர்த்து 400 கிராம் கலவை. இதை ஒரே டப்பாவில் மொத்தமாகக் கலக்காதீங்க. சித்திரை வெயிலில் அந்தக் குவியலே சூடாகிப் புகைஞ்சு இறுகிடும். அகலமான தட்டில் 100, 100 கிராமாகக் கலந்து, ரெண்டு கட்டமாக ஒட்டுங்க. முதல்ல ஏழு அடுக்கு, மறுநாள் மிச்சம்.

ஒட்டுகிற முகத்தை 80 நம்பர் உப்புத்தாளில் ஒரு தடவை கீறி, தூசியைத் துடைச்சு, ரெண்டு பக்கமும் பசை தடவணும். கிளாம்ப் இறுக்கும்போது அடுக்கு வழுக்கி ஓடும். அதுக்குக் கட்டையின் இறுதி வடிவத்துக்கு வெளியே விழுகிற மூலையில் 8 மி.மீ. ஓட்டை போட்டு மரக்குச்சி இறக்கிடுங்க. எபாக்ஸிக்குப் பேய்ப்பிடி வேண்டாம். ஓரத்தில் மெல்லிய மணி மணியாகப் பசை வந்தால் போதும். அதுக்கு மேல் இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி ஒட்டு பட்டினியாகும், ஆறு மாசத்தில் வாய் பிளக்கும். இரும்புக் கிளாம்பு ஈரத்தோட வால்நட்டில் பட்டால் கறுப்புக் கறை ஏறும், உள்ளே வரைக்கும் போகும். நடுவில் பாலித்தீன் சுற்றின பிளைவுட் வைங்க. ஒரு நாள் கழிச்சுக் கிளாம்ப் எடுக்கலாம், மெஷினில் ஏத்த ஒரு வாரம் போகட்டும்.

சிட்கோ_ரவுட்டர்
சி.என்.சி. (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) பகுதி.

பழைய கட்டையை 3டி ஸ்கேன் எடுத்துக் கொடுங்கள். கோவையில் ரிவர்ஸ் எஞ்சினியரிங் செய்யும் இடங்கள் நிறைய. வெளிப்புறம் துல்லியமாக வரும். ஆழமான குழி ஸ்கேனில் சரியாக வராது, அதை டெப்த் வெர்னியரில் அளந்து தனியாக வரையுங்கள்.

இடது கைக்கு வேண்டும் என்றவுடன் ஃபைலை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுவார்கள். வெளி வடிவத்தை மட்டும்தான் திருப்ப வேண்டும். உங்கள் ஆக்‌ஷன் வலது கையுடையது, அதன் லிவர் வலப்பக்கமே இருக்கும். குழியையும் சேர்த்துத் திருப்பினால் லிவருக்கான வெட்டு தப்புப் பக்கம் விழுந்து கட்டையே வீண். வெளி வடிவம், குழி இரண்டையும் தனித்தனி ஃபைலாகக் கொடுத்து, ஸ்க்ரூ ஓட்டைகள் இரண்டையும் பொது ஆதாரமாக வையுங்கள்.

வேலை வரிசை: கட்டை சதுரமாக இருக்கும்போதே குழியும் ஸ்க்ரூ ஓட்டையும் முடிய வேண்டும். வெளியே வளைவு எடுத்த பிறகு பிடிக்க நேர்முகம் இருக்காது. 6 மி.மீ. கட்டர் உள்மூலையில் 3 மி.மீ. ஆரம் விடும், அதை உளியால் சதுரமாக்கும் கூலியையும் பேசிக்கொள்ளுங்கள்.

உலோகம் வெட்டும் வி.எம்.சி. மெஷினில் செய்தால் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) மூடியிருக்க வேண்டும். மரம் குடித்துவிட்டால் பூச்சு ஒட்டாது. அங்கே ஸ்பிண்டில் வேகமும் மரத்துக்குக் குறைவு. 18,000 சுற்று ஓடும் ரவுட்டரே நல்லது.

பவானிக்கரை
கண்ணாடிப் பிம்ப விஷயம் மனசுல வரவே இல்லீங்க, நன்றி. ரைஃபிளைப் பட்டறையில் விட்டுட்டு வரலாங்களா? குழியில் வெச்சுப் பார்த்துத்தானே சரி பண்ணுவாங்க?

பத்துமீட்டர்
.177 அங்குலத் (4.5 மி.மீ.) துளையும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனாலும் விட்டுவிட்டு வர வேண்டாம், கூடவே இருந்து பொருத்திப் பார்த்துத் திரும்ப எடுத்து வாருங்கள். குண்டு இல்லை என்று பார்த்து, சிலிண்டரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு ஆக்‌ஷனை மட்டும் கொண்டு போங்கள். 200 பார் அழுத்தம் உள்ள சிலிண்டர் டிரில் ஓடும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. பொருத்திப் பார்க்க, சிலிண்டருக்குப் பதிலாக அதே விட்டத்தில் ஒரு பி.வி.சி. குழாயோ கடைந்த மரத்தடியோ போதும்.

இதைப் படிக்கும் .22 ரைஃபிள்காரர்களுக்கு: உங்களுடையது உரிமம் வேண்டிய ஆயுதம். அதை மரப்பட்டறைக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். பழைய கட்டையையும் அளவுகளையும் மட்டும் கொடுங்கள். ஆக்‌ஷனைப் பொருத்துவது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் நடக்கட்டும்.

ஆவாரம்பாளையம்_பேட்டர்ன்
பொருத்தறதுக்கு அலுமினியப் பில்லர் (ஸ்க்ரூ உள்ளே போகிற குழாய்த் துண்டு) போடச் சொல்லுங்க. 14 மி.மீ. வெளிவிட்டம், எம்6 ஸ்க்ரூ என்றால் உள்ளே 6.5. பக்கத்து லேத்திலேயே கடைஞ்சு கொடுப்பாங்க. வெறும் மரத்தில் ஸ்க்ரூ இறுக்கினால் மரம் நசுங்கிக்கிட்டே போகும், ஒவ்வொரு தடவையும் இறுக்கம் மாறும், குண்டு விழுகிற இடமும் மாறும். பில்லரின் மேல்முகம் குழி அடித்தளத்துக்குச் சரியாகவோ 0.2 மி.மீ. தூக்கலாகவோ இருக்கலாம். தாழ்ந்து மட்டும் இருக்கக் கூடாது.

எபாக்ஸியில் அலுமினியத் தூள் கலந்து ஆக்‌ஷனுக்கு அடியில் மெத்தை ஊத்தும்போது, ஆக்‌ஷனுக்கு மெழுகு ரெண்டு பூச்சு. ஸ்க்ரூ ஓட்டை, டிரிகர் பெட்டி எல்லாவற்றையும் பொம்மை செய்யற கிளேயால் அடைக்கணும். அடைக்காமல் விட்டால் ஆக்‌ஷனும் கட்டையும் ஒண்ணாகிப்போகும், பிரிக்க முடியாது.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, முன்கட்டையில் டயல் கேஜ் (நுண் அசைவைக் காட்டுகிற கருவி) நிறுத்தி முள்ளைக் குழலில் தொட வைங்க. ரெண்டு ஸ்க்ரூவும் இறுக்கின நிலையில் ஒண்ணை மட்டும் தளர்த்துங்க. முள் 0.05 மி.மீ.க்குள்ளே அசைஞ்சால் நல்லது. அதுக்கு மேல் என்றால் ஆக்‌ஷன் வளைஞ்சு உட்கார்ந்திருக்குது, மெத்தையைத் திரும்ப ஊத்தணும். சிலிண்டர் எங்கேயும் மரத்தில் தொடக் கூடாது, சுத்தி 1.5 மி.மீ. இடைவெளி.

வெள்ளகோவில்_தச்சு
பூச்சு. எபாக்ஸிக் கோடு மரத்தை விடக் கெட்டி. விரல்ல உப்புத்தாளை வெச்சுத் தேச்சா கோடெல்லாம் நரம்பாட்டம் புடைச்சு நிக்கும். கார்க்கு இல்லைன்னா ரப்பர் கட்டையில தாளைச் சுத்தித் தேய்க்கோணும். 120, 180, 240, 320. 240க்கு அப்புறம் ஈரத்துணியில துடைச்சு, நார் எந்திரிச்சதும் காயவிட்டு 320 போடுங்க.

அரக்குப் பாலிஷ் வேண்டாமுங்க, வேர்வை பட்டா வெளுத்துப்போகும். கன்னமும் கையும் படற இடமாச்சே. ரெண்டு பாகப் பி.யூ. (பாலியூரிதேன்) மேட் போடலாம், இல்லைன்னா ஆளிவிதை எண்ணெய் அடிப்படைப் பூச்சு, மெல்லிசா ஆறேழு தடவை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் இடைவெளி. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாச் சூடாகித் தீப்புடிக்கும். விரிச்சுக் காயப்போட்டோ, தண்ணியில முக்கியோதான் குப்பையில போடணும்.

வெளியில எத்தனை பூச்சோ அத்தனையும் குழிக்குள்ள, பட் பிளேட்டுக்கு அடியில, ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள போடச் சொல்லுங்க. பட்டறைக்காரங்க கண்ணுக்குத் தெரியற இடத்துல நிறுத்திக்குவாங்க. குறுக்கு வெட்டு முகத்துலதான் ஈரம் வேகமா ஏறும். வால்நட் வெயில்ல கிடந்தா நாளாக நாளாக வெளுக்குமுங்க, மத்த மரமாட்டம் கறுக்காது. சன்னல் ஓரத்துல நிறுத்தாதீங்க.

பவானிக்கரை
கடைசியா ஒண்ணு. பணத்தை எப்படிப் பேசறது?

சிட்கோ_ரவுட்டர்
மொத்த ரேட் வாங்காதீர்கள். மரம் கன அடிக் கணக்கில், அறுப்பும் இழைப்பும், ஒட்டுக்கூலி, மெஷின் மணிக் கணக்கில், கை வேலை, பூச்சு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மரத்துக்கு முன்பணம் கொடுங்கள். ஒட்டி முடித்த கட்டையை நேரில் பார்த்து அடுத்த தவணை. அந்த நேரத்தில் நேர்க்கோல் வைத்து நீளவாக்கில் வளைவு பாருங்கள், 800 மி.மீ.யில் அரை மி.மீ.க்கு மேல் இருந்தால் மெஷினில் ஏற்ற வேண்டாம் என்று நிறுத்துங்கள். பொருத்தி, டயல் கேஜ் பார்த்த பிறகு மீதி. மரம் காயும் நான்கு வாரத்தையும் சேர்த்து எட்டு வாரத்துக்குக் குறைத்துச் சொல்லும் பட்டறையிடம், காய வைக்கும் நாளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

முதலில் பைன் மரத்தில் ஒரு மாதிரிக் கட்டை வெட்டச் சொல்லுங்கள். செலவு மெஷின் நேரம் மட்டும்தான். பிடியின் கோணம், டிரிகர் எட்டும் தூரம், கன்ன உயரம் எல்லாவற்றையும் அதில் அரத்தால் தேய்த்தும் புட்டி அப்பியும் சரி செய்து, அதையே திரும்ப ஸ்கேன் எடுத்து வால்நட்டில் வெட்டலாம்.

பத்துமீட்டர்
பைன் மாதிரியைப் பிடித்துப் பார்க்கும்போது சுடும் ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டே பாருங்கள். ஜாக்கெட்டின் தோள் கனம் மட்டுமே டிரிகர் தூரத்தை ஒரு சென்டிமீட்டர் வரை மாற்றிவிடும். புதுக் கட்டை கைக்கு வந்தபின் முதல் வாரத்தில் ஒரு தடவை, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவை, ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்சில் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள்.